இத்துப்போன பிளசர்

கல்லுப்பு ஈரத்தில் கசிந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் புரட்டும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கையை விடுவேன். மருமகள் சிரிப்பாள். "உப்புக்கு ஏது அத்தை நாத்தம்?" என்பாள். அவளுக்கென்ன தெரியும்? எங்கள் பிளசரின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்த சாக்கை அவள் தூக்கிப் பார்க்கவில்லையே.

அப்போது காரை எல்லோரும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். சிலோனிலிருந்து எங்கள் சனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். கப்பலிலிருந்து முகாம், முகாமிலிருந்து லாரி, லாரியிலிருந்து ஏதோ ஒரு மலை. எங்களைக் கொண்டுவந்து விட்டது நீலகிரியில், தேவாலாவில். வானம் ஓட்டை விழுந்த மாதிரி பெய்கிற ஊர். துணி காயாது, விறகு பற்றாது, செருப்பில் பூஞ்சை பூக்கும். அங்கே சிலோன் மலையிலும் மழைதான் என்றாலும், இந்த மழையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழைகூடப் பரவாயில்லை. மழையோடு சேர்ந்து வரும் அட்டையை நினைத்துத்தான் அழுதேன்.

அட்டை எல்லோரையும்தான் கடிக்கிறது, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு அதைப் பார்த்தால் முடியுமா என்பார்கள். மற்றவர்களுக்குப் பழகிப்போனது எனக்குப் பழகவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், அங்கே எங்கள் தோட்டத்தில், மலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அக்குளில் ஏதோ கனமாக இருந்தது. கையைத் தூக்கினேன். ரத்தம் குடித்து நாவல்பழம் அளவுக்கு உப்பிப்போன அட்டை ஒன்று நழுவி, பொத்தென்று ரொட்டியின் மேல் விழுந்தது. தூ! எழுதும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது. அன்றைக்கு வாந்தி எடுத்தவள், அதன்பிறகு மலையில் சாப்பிட்டதே இல்லை. சாயங்காலம் வரை பட்டினிதான்.

இது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் அங்கே தோட்டத்து லாரி ஓட்டினவர். முகாமில் அரிசி வாங்க வரிசையில் நின்றபோது என் பக்கம் திரும்பி, "இனிமே நீ கூடை தூக்க வேண்டியதில்ல புள்ள. நான் வண்டி ஓட்டி உன்னக் காப்பாத்துறேன்" என்றார். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த மலை ஏறினேன்.

பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் கொடுத்த பணத்தோடு என் காதில் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்து மேட்டுப்பாளையத்தில் ஒரு புரோக்கரிடம் அந்தப் பிளசரை வாங்கினோம். கறுப்பு உடம்பு, மேலே மஞ்சள். முகம் பார்க்கிற மாதிரி பெயின்ட் மினுங்கியது. அந்த ஆள் கதவைத் திறந்து ஓங்கிச் சாத்திக் காட்டினான்.

"ஏனுங்க, சத்தத்தக் கேட்டீங்களா? கும்முனு இல்லீங்களா? வெள்ளக்காரத் தொர வச்சிருந்த வண்டிங்க. அடியெல்லாம் நல்ல கெட்டிங்க. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துவந்தோம். கப்பலை விட்டு இறங்கியவர்கள் வேறெதைக் கண்டோம்?

தேவாலாவிலிருந்து கூடலூருக்குப் பிரசவத்துக்கு, கடைக்கு, கோர்ட்டுக்கு என்று வண்டி நன்றாகத்தான் ஓடியது. பஜாரில் ஒரே ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருந்தோம். நான் வீட்டில் சோறு ஆக்கினேன். கூடை தூக்கவில்லை. காலையில் தோட்டத்தில் பேர் கொடுத்து வேலைக்கு நிற்கிற பெரட்டுக்குப் பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போவதைக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, உள்ளே வந்து நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன். பிளசர் ஓடினால் நான் வீட்டில். பிளசர் நின்றால் நான் மலையில். எங்கள் வாழ்க்கைக் கணக்கு இவ்வளவுதான்.

இதில் அந்த மனுஷன் ஒரு வேலை செய்தார் பாருங்கள். வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் தோட்டத்து ஆட்கள். காலில் அட்டையோடுதான் ஏறுவார்கள். உள்ளே வந்ததும் அது கழன்று சீட்டில் ஏறும், அடுத்து ஏறுகிறவரைக் கடிக்கும். எங்கள் சனங்களிடம் அட்டைக்கு ஒரு வைத்தியம் உண்டு. துணியில் கல்லுப்பை முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வோம். அட்டை ஏறினால் அந்த முடிச்சை நனைத்து ஒரு ஒற்று. சுருண்டு விழுந்துவிடும். இவர் அந்த வைத்தியத்தை வண்டிக்குச் செய்தார். பின்கதவில் ஒரு உப்பு முடிச்சைத் தொங்கவிட்டார். அதோடு விட்டாரா? தினமும் விடிந்ததும் பின்சீட்டின் கீழே கை நிறைய உப்பை அள்ளித் தூவி, அதன்மேல் கோணிச்சாக்கை விரிப்பார். வாசலுக்குக் கோலம் போடுகிற மாதிரி அத்தனை ஒழுங்கு.

"நம்ம வண்டில அட்டைங்கிற பேச்சே கெடையாது" என்று பஜாரில் மார்தட்டுவார். ஊரில் வண்டிக்கே உப்புப் பிளசர் என்று பேர் விழுந்துவிட்டது. காலில் கொப்புளத்தோடும் ரத்தத்தோடும் ஏறுகிற பெண்கள் அவரை வாயார வாழ்த்தினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சிலோனில் உப்பைத் தூவினோம் என்றால் அது மண். இங்கே கீழே இருந்தது இரும்புத் தகடு என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை.

தேவாலா மழையில் உப்பு காயுமா? இழுத்த தண்ணீரோடு அங்கேயே ஊறிக் கிடந்தது. முதலில் நாற்றம் வந்தது. அப்புறம் மழையில் போகும்போது கீழேயிருந்து சேறு உள்ளே தெறித்தது. ஒருநாள் ஒரு அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டு, "என்னா தம்பி, கால் வச்சா மெத்து மெத்துன்னு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "ஒங்களுக்காகத்தான் அக்கா மெத்த போட்டிருக்கேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பெல்லாம் எப்.சி. வரும்வரைதான். வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அதைத்தான் எப்.சி. என்பார்கள். அவர் மாதம் ஒருநாள் கூடலூர் மைதானத்துக்கு வந்து வரிசையாக வண்டிகளைப் பார்ப்பார். தட்டிப் பார்ப்பார், குனிந்து பார்ப்பார். தேறாவிட்டால் வண்டியை வீட்டில் வைத்துப் பூசை போட வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒருதரம் காட்டிவிடலாம் என்று கூடலூரில் ஒரு மலையாளத்து டிங்கரின் கொட்டகைக்கு ஓட்டிப்போனோம். வண்டியின் தகடு வேலை செய்கிறவரை அப்படித்தான் சொல்வார்கள். கடைக்குப் போக வேண்டுமென்று நானும் கூடப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

டிங்கர் பின்சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். சாக்கின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார். சாக்கு வரவில்லை, பிய்ந்து கையோடு வந்தது. உள்ளேயிருந்து வந்ததே ஒரு நாற்றம்! செத்த எலி, பழைய ரத்தம், ஊறிப்போன சணல் எல்லாம் சேர்ந்த நாற்றம். பழுப்பு நிறத்தில் உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் செத்த அட்டைகள். வற்றல் மாதிரி சுருங்கியதும், ஊதி வெளுத்ததும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாய். எத்தனை பேர் காலிலிருந்து உறிஞ்சிய ரத்தமோ, கட்டி கட்டியாய் மூலையில் அப்பிக் கிடந்தது. அந்தக் கண்றாவிக்கு மேலேதான் பிரசவ வலியில் துடித்தவர்களை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறோம். நான் கொட்டகைக்கு வெளியே ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது டிங்கர் ஒரு திருப்புளியால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குகிற மாதிரி அது இறங்கியது. தகடு எங்கே இருந்தது? செதில் செதிலாகத் துருதான். கையில் எடுத்தால் பொடியாய் உதிர்ந்தது. குத்திக்கொண்டே கதவுக்குக் கீழே இருக்கிற விளிம்புக்கு வந்தார். அங்கே திருப்புளி டக்கென்று நின்றது. இரும்பு இப்படிச் சத்தம் கொடுக்காதே என்று சுரண்டினார். சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. சிமெண்ட்! உள்ளே சிமெண்டைக் கரைத்து ஊற்றி, மேலே தகரம் ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். புரோக்கர் கதவைச் சாத்திக் காட்டிய அந்தக் கும்மென்ற சத்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. துரு எங்கள் உப்புக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்திருக்கிறது. நாங்கள் தினமும் அதற்குத் தீனி போட்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் அந்தப் புரோக்கரின் பரம்பரையையே இழுத்துத் திட்டத் தொடங்கினார். டிங்கர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சிமெண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தவர், திடீரென்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அய்யோ, இது நம்ம பணியல்லோ சேட்டா! மேட்டுப்பாளையத்துல இருக்குறப்ப நானே ஊத்துனது. பாருங்க, எத்தன வருஷமா நிக்குது!"

சொன்ன முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பல நாள் கழித்துப் பார்க்கிற சந்தோஷம். எனக்கு அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது.

"ஒங்க கையாலயா இத மூடுனீங்க?" என்றேன்.

"பின்ன? புரோக்கர் பறஞ்சான், செஞ்சேன். பேடிக்க வேண்டா சேச்சி, இப்பவும் நல்லா மூடித் தர்றேன். அடுத்த மழை வரைக்கும் தாங்கும். எப்.சி. வாங்கிட்டு யார் தலையிலயாவது கட்டிருங்க. ஒங்க சிலோன் ஆளுங்கதான் வந்துக்கிட்டே இருக்காங்களே."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவன் கழுத்தைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். "எத்தன நாள் ஆகும்?" என்று கேட்டார். அந்த அட்டைத் தண்ணீரைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நமக்குச் செஞ்சதையே நீங்களும் செய்வீங்களா? அந்த நாத்தத்துக்கு மேல பெயின்ட் அடிச்சு இன்னொருத்தன் தலையில கட்டப் போறீங்களா?"

"நாம ஏமாந்தப்போ யாரு புள்ள வந்து சொன்னா?" என்றார். "இந்த ஊர்ல ஒரு நாய் வந்து நம்ம கையப் புடிச்சுச்சா? வண்டி நின்னுருச்சுன்னா நான் என்னா செய்ய? எனக்கு இங்க லாரி குடுப்பானா? வித்துட்டா, அதப் போட்டு நல்ல வண்டியா ஒண்ணு பாத்துக்கலாம். இல்லாட்டி நீதான் கூடைய எடுக்கணும். போறியா? நாளைக்கே பெரட்டுக்குப் போறியா?"

அந்த மனுஷன் என்னை வைத்தே என் வாயைக் கட்டினார். அக்குளில் கனமாக ஏதோ தொங்குகிற மாதிரி இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

டிங்கர் சொன்ன மாதிரியே செய்தார். உதிர்ந்த தகட்டை அள்ளி வெளியே கொட்டினார். ஓட்டைக்கு மேலே எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம். அதற்கு மேல் காய்ச்சிய தாரில் முக்கிய சாக்கு. அதற்கு மேல் இன்னொரு கோட் தார். காய்ந்ததும் புத்தம்புது ரப்பர் மேட். வெளியே மட்கார்டில் கொப்புளம் கொப்புளமாய் இருந்த துருவைத் தேய்த்துவிட்டுப் பட்டியை அப்பி, வழுவழுவென்று இழைத்து, கறுப்பு பெயின்ட் அடித்தார். கொண்டுவந்து நிறுத்தினால், மேட்டுப்பாளையத்தில் எங்களுக்குக் காட்டின அதே மினுக்கு. பஜாரில் எல்லோரும் வந்து பார்த்து, அடேயப்பா, புது வண்டி மாதிரி இருக்கே என்றார்கள். இவர் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதன் பக்கத்தில் போகவே கூசியது. அழுகிய புண்ணுக்கு மேல் பவுடர் பூசின மாதிரி இருந்தது.

வாங்குகிற ஆளும் வந்து சேர்ந்தான். வேறு யார்? எங்கள் ஆள்தான். அங்கே எங்கள் தோட்டத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தோட்டத்தைச் சேர்ந்தவன். முகாமிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. அவனும் அங்கே டிராக்டர் ஓட்டியவன். பெண்டாட்டி சின்னப் பெண், ஒல்லியாக, பெரிய பெரிய கண்ணோடு இருந்தாள். எங்கள் அறையில் உட்கார்ந்து நான் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு அவன் சொன்னான்:

"வெளி ஆளுகிட்ட வாங்கப் பயமா இருக்குண்ணே. நம்மள ஏமாத்திருவானுங்க. நீங்க நம்ம ஆளு. எப்.சி. ஆனதும் நானே எடுத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, வெளியே மழை வருகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி எழுந்து போனார். வெயில் காலத்திலேயே மழை வருகிற ஊரில் அதில் பார்க்க என்ன இருக்கிறது?

எப்.சி. நாளன்று நான்கு பேருமாக அந்தப் பிளசரிலேயே கூடலூர் போனோம். அவர்கள் இரண்டு பேரும் பின்னால். நான் முன்னால். எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இறங்கி ஏறும்போது, அந்தச் சாக்கு தாங்கணுமே, அந்தச் சாக்கு தாங்கணுமே என்று மனசு அடித்துக்கொண்டது. பிய்ந்து விழுந்து தொலைக்காதா என்றும் இருந்தது. விழுந்தால் அவள் காலல்லவா ரோட்டில் தேயும் என்று உடனே பயந்தேன்.

மைதானம் முழுக்கச் சேறு. லாரி, ஜீப், வேன் என்று வரிசை. எங்கள் முறை வந்தபோது நன்றாகப் பிடித்துக்கொண்டது மழை. பிரேக் இன்ஸ்பெக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹார்ன் அடிக்கச் சொன்னார், லைட் போடச் சொன்னார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் பிடிக்கச் சொன்னார். மட்கார்டை விரலால் தட்டினார். பட்டி நல்ல தடிமனாக இருந்ததால் அவர் விரலுக்கு அது இரும்பாகவே கேட்டிருக்கும். பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். புது மேட். குனிந்து அடியில் பார்த்தார். கறுப்பாகத் தார் பூசியிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பலரும் தார் பூசுவது வழக்கம்தான்.

"வண்டிய நல்லா வச்சிருக்கீங்களே" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சரி. அப்புறமா வந்து கையெழுத்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிப் பக்கம் நகர்ந்தார்.

அவ்வளவுதான். பாஸ். வாங்குகிற தம்பி சேற்றில் நின்றபடியே வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாடா என்று மூச்சு வந்தது. பொய் சொல்வானேன், இனி மலைக்குப் போக வேண்டாம் என்று வந்த மூச்சுதான் அது.

அந்தச் சின்னப் பெண் மழைக்குப் பயந்து பின்கதவைத் திறந்து ஏறினாள். புல்லில் நின்றிருந்தாள் போலிருக்கிறது, கணுக்காலில் ஒரு அட்டை. "சனியன்!" என்றாள். இடுப்பில் செருகியிருந்த உப்பு முடிச்சை எடுத்தாள். எச்சில் தொட்டு ஒற்றினாள். அட்டை சுருண்டு மேட்டில் விழுந்தது. முடிச்சு அவிழ்ந்து கொஞ்சம் உப்பும் கூடவே உதிர்ந்தது. அதைக் காலாலேயே மேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டு மனுஷன் செய்கிற அதே காரியம்.

"அட்ட வராம இருக்கட்டும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லவா? இனிமே நான் கூடை தூக்க வேண்டியதில்லையாம். முகாம்ல வச்சே இவரு சொல்லிட்டாரு. வண்டி ஓட்டி ஒன்னக் காப்பாத்துறேன்னு."

எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்ந்தது. அப்படி ஒரு அருவருப்பு என் வாழ்நாளில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. டிங்கர் மேலா, புரோக்கர் மேலா, என் வீட்டுக்காரர் மேலா, சற்று முன் அப்பாடா என்று விட்ட என் மூச்சின் மேலா? எல்லாவற்றின் மேலும்தான்.

இறங்கினேன். பின்கதவைத் திறந்தேன்.

"எறங்கு" என்றேன்.

"என்னக்கா?"

"எறங்குடி மொதல்ல!"

பயந்துபோய் இறங்கினாள். மேட்டைப் பிடித்து இழுத்து வெளியே வீசினேன். கதவைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி மிதித்தேன். முதல் மிதிக்குத் தார் விரிந்தது. இரண்டாவதுக்கு என் கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய், கீழே மைதானத்துச் சேற்றில் நின்றது. தகரம் கிழித்து ரத்தம் வந்தது. பிய்ந்த சாக்கிலிருந்து அந்தப் பழைய நாற்றம் மறுபடி கிளம்பியது.

"பாத்துக்க தம்பி" என்று கத்தினேன். "நல்லாப் பாத்துக்க. இதத்தான் எங்க தலையில கட்டுனான். இதத்தான் ஒன் தலையில கட்ட வந்தோம். போ! அவளக் கூட்டிட்டுப் போ!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அந்தத் தம்பி குனிந்து ஓட்டையைப் பார்த்தான். நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "அண்ணே, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டான். திட்டவில்லை. பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்துவிட்டான். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தபடி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் குடையோடு திரும்பி வந்து, என் காலையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல காலுக்குக் கட்டுப் போடுங்கம்மா" என்றார். "வண்டிய ரோட்டுல எடுக்கக்கூடாது. இங்கேயே நிக்கட்டும்."

என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மறுநாள் அந்த டிங்கர் எங்கள் அறைக்கே வந்தார். வண்டியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "சாரமில்ல சேட்டா, இன்னொரு தகரம் போட்டா மறுபடி நிக்கும், ஊட்டிப் பக்கம் யாருக்காவது தள்ளிரலாம்" என்றார். இவர் எழுந்து போனார். பக்கத்து வீட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினார். மைதானத்தில் நின்ற வண்டியின் தரையை முன்சீட்டிலிருந்து டிக்கி வரை ஒரு முழத் தகடு மிச்சமில்லாமல் உடைத்தார் என்றும், மட்கார்டு நான்கையும் குத்திக் கிழித்தார் என்றும் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். இனி எந்தக் கொம்பன் வந்தாலும் அதற்குப் பட்டி பூச முடியாது. பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை நான் பெரட்டுக்குப் போனேன். இருட்டு விலகும்போதே எழுந்து தலைக்குச் சாக்கை எடுத்து வைத்தேன். இவர் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்ததும் பின்னாலேயே வந்தார். கையில் உப்பு முடிச்சு. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்றைக்கு அட்டை கடிக்காத இடம் இல்லை. காலில், விரலிடுக்கில், கழுத்தில். ஒவ்வொன்றையும் ஒற்றி ஒற்றித் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் சீ என்றேன். மத்தியானம் ரொட்டியைத் தொடவில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இவர் செம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினார். ரத்தம், சேறு, உப்பு எல்லாம் ஓடிக் கால் சுத்தமாகிவிட்டது. நான் உள்ளே போய்ச் சோறு தின்றேன்.